பக்கம் மாறிய கிணறு

டாமர் ஹெஸ்லப்பிடம் வழி கேட்கக் கூடாது என்பது நியூகாசிலில் அந்தச் சந்து முழுக்கத் தெரிந்த சங்கதி. துறைமுகத்துக்கு எப்படிப் போவது என்று வெளியூர்க்காரர் யாராவது கடை வாசலில் நின்று கேட்டால், அவள் வேலையிலிருந்து தலையைத் தூக்கி, "கீழ போயி இடப்பக்கம் திரும்புங்க" என்பாள். எதிர்க்கடை ரொட்டிக்காரி உடனே ஜன்னலைத் திறப்பாள்.

"வலப்பக்கம் ஐயா, வலப்பக்கம்! அந்தம்மா சொன்னா அப்படியே திருப்பிப் போட்டுக்கணும்!"

டாமர் இதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. பதினோரு வயதிலிருந்து அவள் செய்தது அந்த வேலைதான், எல்லாவற்றையும் திருப்பிப் போடுவது. அவளுடைய அப்பா ஆம்ப்ரோஸ் மரத்தில் படம் வெட்டுகிறவர். புகையிலைப் பொட்டலத்துக்குக் கப்பல், ஏல நோட்டீஸுக்குக் குதிரை, தூக்கில் தொங்கியவனைப் பற்றிய பாட்டுத்தாளின் தலைக்குத் தூக்குமரம், பால்காரருக்கு மாடு. கட்டையில் இடப்பக்கம் பார்க்கிற மாடு தாளில் வலப்பக்கம் பார்க்கும். எழுத்து என்றால் தலைகீழாகவும் பின்னாலிருந்தும் வெட்ட வேண்டும். சிறுவயதில் டாமர் பைபிளைவிட அச்சகத்தின் ஈய எழுத்துகளை வேகமாகப் படிப்பாள். பாதிரியார் இதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

கட்டை என்றால் பாக்ஸ் மரம். துருக்கியிலிருந்து கப்பலில் வரும். எலும்பு மாதிரி கடினமானது, தொடைப் பருமனுக்கு மேல் வளராது. அதைக் குறுக்கே வட்டம் வட்டமாக அறுத்து, முகத்தைக் கண்ணாடிபோல இழைத்து, மணல் நிரப்பிய தோல் திண்டின்மேல் வைத்து வெட்டுவார்கள். உளி பிடித்த கை அசையாது. இடது கை கட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். வெட்டிய இடம் தாளில் வெள்ளையாக வரும், விட்ட இடம் கறுப்பாக வரும். அதனால் டாமருக்கு ஒரு பொருளைப் பார்த்தால் அதன் உருவத்துக்கு முன்னால் அதன்மேல் விழும் வெளிச்சம்தான் கண்ணில் படும். சாப்பாட்டு மேஜையில் பட்டாணிக் களியைக்கூட ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை வைப்பாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஷீல்ட்ஸைச் சேர்ந்த ஒரு கப்பல் தச்சன் ஒருமுறை பெண் கேட்டான். விவசாயக் கையேட்டுக்குப் பன்றிகள் வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது. "இந்தப் பன்றிங்களை முடிச்சுடறேன், பொறுத்துக்கோ" என்றாள். அவன் பொறுக்காமல் கப்பலேறி, ரீகாவில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். பன்றிகள் மிக நன்றாக வந்தன.

அந்த விவசாயக் கையேட்டில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. அது ஆயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு. டாமருக்குப் பத்தொன்பது வயது. தலைப்புப் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "படங்கள் யாவும் நேரில் பார்த்து வரைந்து வெட்டப்பட்டவை, ஹெஸ்லப் கடை" என்று இருந்தது. அத்தியாயம் முடிந்து பக்கத்தின் அடியில் மிச்சம் விழுகிற இடங்களில் உள்ளங்கை அளவுக்கு ஏதாவது ஒரு சின்னப் படம் வைப்பார்கள். வால்படம் என்று கடையில் சொல்வார்கள். ஆடு மேய்க்கிறவன், மழையில் நனைகிற கிழவி, எலும்பு கடிக்கிற நாய், எது வேண்டுமானாலும் இருக்கலாம். விவசாயத்தோடு அதற்குச் சம்பந்தம் இருக்கவேண்டும் என்றில்லை. ஏரும் எருவும் அப்பாவின் கையில் இருந்தன, வால்படங்கள் டாமருக்கு விழுந்தன. அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே எட்டு மைல் தள்ளியிருந்த வின்லா கிராமத்துக்குப் போனாள். ஊருக்கு வெளியே ஓர் ஊற்றுக் கிணறு, அதை ஒட்டி ஒரு கல்சுவர். சுவர் நேராக ஓடித் தூரத்தில் தேவாலயத்தின் சதுரக் கோபுரத்தில் போய் முடிவதுபோலத் தெரியும். கோபுரத்தைப் பார்த்து நின்றால் சுவருக்கு இடப்பக்கம் ஊர்ப் பொதுநிலம், வலப்பக்கம் வெதரால் குடும்பத்துப் பண்ணை. கிணறு இடப்பக்கம், ஊர்நிலத்தில் இருந்தது. கிணற்றடியில் கிட் யெலோலி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அமெரிக்கச் சண்டையில் ஒரு காலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மரக்காலோடு திரும்பியிருந்த மாலுமி அவன்.

முறையாகச் செய்திருந்தால் டாமர் முதலில் தாளில் வரைந்திருக்கவேண்டும். அந்தத் தாளைக் கட்டையின்மேல் குப்புறப் போட்டுத் தேய்த்தால், படம் தானாகவே திரும்பி மரத்தில் இறங்கும். ஆனால் அவளுடைய கைப்பையில் தாள் இல்லை, இழைத்த கட்டை ஒன்று இருந்தது. வெளிச்சமோ அப்படியொரு வெளிச்சம். அவள் கட்டையை மடியில் வைத்து, பார்த்ததைப் பார்த்தபடியே பென்சிலால் நேராக மரத்தில் வரைந்துவிட்டாள்.

"மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடு, கண்ணு" என்றான் கிட்.

"படத்துல உன் மூக்கே பார்லி மணி அளவுக்குக்கூட வராது. சும்மா நில்லு."

இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினாள். கிணற்றடித் தொட்டியில் ததும்பிய தண்ணீரின் பளபளப்பை மயிரிழை மாதிரி ஏழு கோடுகளில் கொண்டுவந்தாள். தூரத்துக் கோபுரம் மங்கலாகத் தெரியவேண்டும் என்று அந்த இடத்தில் மரத்தின் முகத்தை, மை லேசாகப் படும்படி, துளிகூடத் தெரியாத அளவுக்குச் சுரண்டித் தாழ்த்தினாள். அப்பா மைப்பந்தால் தட்டி, மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி வந்திருக்கு. கோபுரமும் வந்திருக்கு. ஆனா கிணறு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் குதிச்சிருச்சே, டாமர்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கடையில் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற பிழை. "மேல்முகத்தை இழைச்சுட்டுத் திருப்பி வெட்டிடறேன்பா."

"வியாழக்கிழமை அச்சகத்துக்காரன் கட்டை கேக்கறான். வால்படம்தானே? இதைப் பாத்துட்டு எவன் குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணிக்குப் போகப்போறான்?"

படம் புத்தகத்தில் ஏறியது. அவள் வெட்டியதிலேயே அதுதான் சிறந்தது என்று பலர் சொன்னார்கள். அவளுக்கும் அந்த எண்ணம் உண்டு. அதனாலேயே அந்தப் பக்கத்தை அவள் அதிகம் திறப்பதில்லை.

இருபத்து நாலு வருடம் போயிற்று. அப்பா போனார், தம்பி மாத்யூ கடையின் தலைவனானான். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெளுத்த துணிமூட்டைகளோடு மேலி சார்ல்டன் கடைக்குள் வந்தாள். வின்லாக்காரி, ஐம்பத்தைந்து வயது, வெந்து சிவந்த கைகள். நகரத்தின் நாலைந்து பெரிய வீடுகளுக்கு அவள்தான் துணி வெளுக்கிறாள். ஹெஸ்லப் வீட்டுத் துணியும் அவளிடம்தான் போகும். மூட்டையை இறக்காமலே ஆரம்பித்தாள்.

"உங்க புத்தகம் எங்க கழுத்தை அறுத்துருச்சு, கண்ணு."

"எந்தப் புத்தகம்? உக்காந்து சொல்லு, மேலி."

"உக்கார நேரம் இல்ல. பொதுநிலத்தைப் பங்கு போட்டு வேலி கட்டறாங்கல்ல? பங்கு பிரிக்கற ஆணையர் வந்து சத்திரத்து மாடியில உக்காந்திருக்காரு. போனாப் போகுது, வாத்து மேயற இடத்தை எடுத்துக்கட்டும். இப்போ பண்ணை மேனேஜர் ஸ்டோபர்ட், கிணறும் வெதரால் ஐயாவோடதுங்கறான். பழைய சுவருக்கு அந்தப் பக்கம்தான் கிணறு இருந்துச்சாம்!"

"சுவரே சொல்லுமே."

"சுவர் எங்க இருக்கு? நாலு வருஷம் முன்னாடியே இடிச்சு, கல்லைப் புது ரோட்டுக்குப் போட்டுட்டாங்க. அடிக்கல்லையும் தோண்டி எடுத்து, ஏர் ஓட்டியாச்சு. நாங்க இருபது பேர் போயி, சுவருக்கு இந்தப் பக்கம்தான் கிணறுன்னு சொன்னோம். அவன் ரெண்டு குத்தகைக்காரனைக் கூட்டிட்டு வந்து, அந்தப் பக்கம்னு சொல்ல வெச்சான். ஆணையர் நல்ல மனுஷன்தான். 'எழுத்துல ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டாரு. எங்ககிட்ட என்ன எழுத்து? அவன் கோட்டுக்குள்ளேருந்து உங்க புத்தகத்தை உருவினான்."

டாமர் உளியைக் கீழே வைத்தாள்.

"படத்துல கோபுரம் நடுவுல இருக்கு, சுவர் இருக்கு, கிணறு வலப்பக்கம் இருக்கு. முன்பக்கத்துல 'நேரில் பார்த்து'ன்னு அடிச்சிருக்கு. அதைப் பாத்ததும் நாங்க வாயடைச்சுப் போனோம். வியாழக்கிழமை தீர்ப்பு. கிணத்துக்குப் பூட்டு போட்டா நான் எங்க போயி வெளுக்கறது? ஆத்துத் தண்ணில வெளுத்தா துணி டீக்கறை மாதிரி ஆயிரும். அந்த ஊத்து இல்லாம நான் இல்ல, கண்ணு. உள்ளதைச் சொல்லு. நாங்கதான் மறந்துட்டமா? கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"உன் பக்கம்தான் இருந்துச்சு" என்றாள் டாமர். "தப்பு என் மேல."

இதைக் கேட்டுக்கொண்டே மாத்யூ உள்ளறையிலிருந்து வந்தான். மேலி போகும்வரை பொறுத்திருந்தான். கத்துகிற ஆள் இல்லை அவன்.

"டாமர், என்ன செய்யப்போற?"

"வின்லாவுக்குப் போறேன்."

"போயி?"

"திருப்பாம வெட்டிட்டேன்னு சொல்லப்போறேன்."

மாத்யூ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மீன் புத்தகம் பாதில நிக்குது. முன்னூறு பேர் வாங்கறேன்னு பேர் கொடுத்திருக்காங்க. எதுக்குக் கொடுத்தாங்க? ஹெஸ்லப் கடைல செதில்கூட எண்ணிப் போடுவாங்கன்னு. அந்தப் பட்டியல்ல முதல் பேர் யாரு தெரியுமா?"

"வெதரால்."

"வெதரால்! நீ ஊர் மத்தியில நின்னு, 'நாங்க கிணத்தையே பக்கம் மாத்திப் போட்டவங்க'ன்னு சொன்னா, நம்ம சால்மன் மீனுக்கு எந்தப் பக்கம் வால்னு கேப்பானுங்க."

"கேக்கட்டும். சால்மன் சரியாத்தான் இருக்கு."

"ஒரு கடுதாசி எழுதிப் போட்டா என்ன? 'அச்சகத்துல நடந்த கோளாறு'ன்னு."

"அச்சகத்துக்காரன் என்ன பண்ணான் பாவம்? அவன் கொடுத்ததை அடிச்சான்." அவள் எழுந்து அலமாரிக்குப் போனாள். "அந்தக் கட்டை எந்தத் தட்டுல இருக்கு?"

மாத்யூ பெருமூச்சு விட்டான். கடையின் ஒவ்வொரு கட்டையும் எங்கே தூங்குகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். "மூணாவது தட்டு. வாத்துக்கும் கோடைக் கோதுமைக்கும் நடுவுல."

பழைய தாளில் சுற்றி இருந்தது. ஆயிரக்கணக்கான அச்சுக்குப் பிறகு மை ஊறித் தேன்கறுப்பாகப் பளபளத்தது. ஜன்னலருகே சாய்த்துப் பிடித்தாள். கோபுரம், சுவர், சுவருக்கு இடப்பக்கம் கிணறு. அன்று மடியில் வைத்து வரைந்தபடியே மரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தாளுக்குப் போகும்போதுதான் பொய்யாகி இருக்கிறது. கட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

வியாழன் காலை வின்லாவுக்குப் போகிற வண்டியில் மேலியும் அவளும் துணிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனார்கள். மேலி பயத்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். ஓட்ஸ் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள், மகளின் பிரசவத்தைப் பற்றிச் சொன்னாள், சத்திரக்காரி ஈரத் துணியை மெத்தையில் போடுகிறாள் என்று குறைப்பட்டாள். பிறகு, கிட் யெலோலி இன்னும் இருக்கிறார், சத்திரத்தின் கீழ்த்தளத்தில் அடுப்போரம் அவருக்கென்றே ஒரு பெஞ்சு உண்டு என்றாள்.

"உன் படத்தை அந்தப் பக்கத்தோட கிழிச்சு, சத்திரச் சுவர்ல ஒட்டி வெச்சிருக்காங்க. பாவம் மனுஷன். எத்தனை வருஷமா அந்தப் படத்தை வெச்சு அவரைக் கேலி பண்றானுங்க தெரியுமா? மூக்கு, கால், எல்லாத்தையும்."

டாமர் பாதிதான் காதில் வாங்கினாள். ஆணையரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சத்திரத்து மாடியில் நீளமான மேஜை, அதன்மேல் விரித்த வரைபடம். ஆணையர் டர்ஹமிலிருந்து வந்த வயதான நில அளவையாளர். அவருக்குக் கடும் ஜலதோஷம். மேஜைக்கு அடியில் கடுகு கரைத்த வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டே ஊரின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார். சுவரோரமாக வின்லாக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்து நின்றார்கள். பண்ணை மேனேஜர் ஸ்டோபர்ட் மேஜையின் மறுபுறம், பக்கத்தில் விவசாயக் கையேடு.

"நீங்க யாரும்மா?"

"டாமர் ஹெஸ்லப், ஐயா. அந்தப் படத்தை வெட்டினவ."

அறையில் சலசலப்பு. கடையின் பெயரைத்தான் அவர்கள் அறிவார்கள், அதற்குள் ஒரு பெண் இருப்பாள் என்று யாரும் நினைத்ததில்லை. டாமர் கைக்குட்டையை அவிழ்த்துக் கட்டையை மேஜையில் வைத்தாள். பத்தொன்பது வயதில் தாள் இல்லாமல் நேராக மரத்தில் வரைந்ததையும், படம் திரும்பிப்போனதையும், தெரிந்தே அதை அச்சுக்கு விட்டதையும் சுருக்கமாகச் சொன்னாள். "மரத்துல இருக்கிறதுதான் ஐயா நான் பாத்தது. கிணறு ஊர்ப் பக்கம்."

ஆணையர் கட்டையைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார், தும்மினார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

ஸ்டோபர்ட் அமைதியாகக் கேட்டார். "அம்மா, உங்க கடைல இருக்கிற எல்லாக் கட்டையும் தாளுக்கு நேர்மாறாத்தானே இருக்கும்?"

"ஆமா."

"ஒழுங்கா வெட்டின கட்டையும்?"

"அதுவும்தான்."

"அப்போ இந்தக் கட்டை எதைக் காட்டுது? கிணறு இடப்பக்கம் இருந்து நீங்க தப்பா வெட்டினாலும் இப்படித்தான் இருக்கும், வலப்பக்கம் இருந்து சரியா வெட்டினாலும் இப்படித்தான் இருக்கும். இருபத்து நாலு வருஷமா 'நேரில் பார்த்து'ன்னு போட்டு வித்துட்டு, இப்போ உங்க வீட்டுத் துணி வெளுக்கிறவளுக்கு ஆபத்துன்னதும், 'இல்ல, திருப்பிப் படிங்க'ன்னா எப்படி? நாளைக்கு வேற யாராவது அழுதா கோபுரத்தையும் நகர்த்துவீங்களா?"

இரண்டொருவர் சிரித்தார்கள். அந்த ஆள் சொன்னதில் பிழையில்லை. டாமருடைய தொழிலின் முதல் பாடமே அதுதான். மேலி அவளைப் பார்க்கவில்லை, தன் சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணையர் தொண்டையைச் செருமினார். "வேற சாட்சி ஏதாவது உண்டாம்மா?"

டாமர் குனிந்து திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். வருடக்கணக்காகத் தவிர்த்த பக்கம். தண்ணீரின் ஏழு கோடுகள், மங்கலான கோபுரம், கிணற்றடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு மனிதன். பார்லி மணியைவிடச் சின்ன மூக்கு. கோட்டு, தொப்பி, குச்சிபோல ஒரு மரக்கால். வண்டியில் மேலி சொன்னது அப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது. மூக்கு, கால், எல்லாத்தையும்.

"மேலி, கிட் யெலோலியோட காலை எதுக்குக் கேலி பண்றாங்க?"

மேலி நிமிர்ந்தாள். "எதுக்கா? படத்துல வலது கால் மரமா இருக்கு. அவருக்குப் போனது இடது கால். படம் வரையறப்போ மரக்காலை மாத்திப் போட்டு நின்னாருன்னு..." அங்கேயே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது.

"அவரைக் கூப்பிடுங்க" என்றார் ஆணையர்.

கூப்பிடப் போனவர்கள் வர நேரமாயிற்று. கிட் தன் கோப்பையை முடிக்காமல் எழமாட்டேன் என்றிருக்கிறார். பிறகு படிக்கட்டில் டொக், சர், டொக், சர் என்று சத்தம் ஏறி வந்தது. எழுபது வயது, வெள்ளைப் புருவம், சின்னதாகப் போட்டிருக்கவே முடியாத மூக்கு. டாமரைக் கண்டதும் நின்றார்.

"நீதானா அது? வா வா. எத்தனை வருஷமா உன்னைப் பாக்கணும்னு இருக்கேன். என் காலை என்னடீ பண்ணினே?"

"பெரியவரே, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்றார் ஆணையர். "மரக்கால் எது?"

"எதுவா? அதான் சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சே!" கிட் இடது காலால் பலகைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தொட்டித் தண்ணீர் தளும்பியது. "இன்னொண்ணு எங்கம்மா கொடுத்தது. ரெண்டும் இடம் மாறினதில்ல."

ஆணையர் புத்தகத்தை அவர் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். படத்து மனிதன் வலது காலில் மரத்தோடு நின்றான். ஸ்டோபர்ட் எழுந்தார்.

"காலை மட்டும் தப்பாப் போட்டிருக்கலாம் ஐயா. அதுக்காகச் சுவர் தப்புன்னு ஆயிருமா?"

"உங்க உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தரீங்களா?" என்று டாமர் ஆணையரிடம் கேட்டாள். வாங்கிக் கண்ணாடியைக் கிட்டின் சின்னஞ்சிறு கோட்டின்மேல் வைத்தாள். "பொத்தான் வரிசையைப் பாருங்க. மூணு பொத்தான் போட்டிருக்கேன். ஆம்பளைக் கோட்டுக்குப் பொத்தான் வலப்பக்கம் இருக்கும். இங்க இடப்பக்கம் இருக்கு. குவளை பிடிச்ச கையும் இடது கை. கால், பொத்தான், கை, மூணும் ஒரே மாதிரி திரும்பியிருக்கு. இவரு திரும்பியிருந்தா, இவரு நிக்கிற கிணறும் திரும்பித்தான் இருக்கணும். எல்லாம் ஒரே கட்டை."

கிட் தலையை நுழைத்துக் கண்ணாடிக்குள் பார்த்தார். "அடப்பாவி! இருபத்து நாலு வருஷமா பொம்பளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு நின்னிருக்கேனா?"

இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள். ஆணையர்கூடச் சிரித்தார், அது தும்மலில் போய் முடிந்தது. சத்திரக்காரியை அழைத்து முகம் பார்க்கிற கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். புத்தகத்தை அதற்கெதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் கிட் யெலோலி தன் இடது மரக்காலில், ஒழுங்காகப் பொத்தானிட்ட கோட்டில், வலது கையால் தண்ணீர் குடித்தார். சுவருக்கு இடப்பக்கம், ஊர்நிலத்தில், கிணறு இருந்தது. ஆணையர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்து வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு கிணற்றுக்கு வலப்பக்கமாகப் போயிற்று.

"கிணறும், அதுக்குப் போற பாதையும், அதைச் சுத்தித் துணி காயப்போடற அளவுக்குப் புல்வெளியும் ஊரோடது" என்றார். மேலி அழவில்லை. "தண்ணி ஆறிடுச்சு ஐயா. வேற வெந்நீர் போட்டு எடுத்துட்டு வரேன்" என்று அவருடைய தொட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

மற்ற பொதுநிலம் வேலிக்குள் போனது போனதுதான். வாத்துகள் விற்கப்பட்டன. ஆனால் கிணற்றுக்குப் பூட்டு விழவில்லை.

ஒரு விஷயத்தில் ஆணையர் இளகவில்லை. தீர்ப்புக்குச் சாட்சி அந்தக் கட்டை, அது வரைபடத்தோடு தேவாலயப் பெட்டியில் இருக்கவேண்டும் என்றார். டாமர் ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்திருந்தாள். கட்டைவிரலால் ஏழு கோடுகளைத் தடவிவிட்டுக் கொடுத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று அவள் கடைக்குத் திரும்பியதும் மாத்யூ கேட்டான்.

"சிரிச்சாங்க."

"வெதரால்?"

"அவர் பேரைப் பட்டியல்லேருந்து அடிச்சுடு. அவரே அடிக்கச் சொல்லுவாரு."

சொன்னபடியே நாலாம் நாள் கடிதம் வந்தது. இன்னும் பதினாறு பேர் விலகினார்கள். அச்சகத்தில் ஒருவன் ஹெஸ்லப் சால்மனைக் கண்ணாடியில் பார்த்துத்தான் சமைக்கவேண்டும் என்று சொன்னது ஊரெல்லாம் சுற்றியது. மாத்யூ மூன்று மாதம் டாமரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் மீன் புத்தகம் வெளிவந்தது. அதன் தலைப்புப் பக்கத்தில் "நேரில் பார்த்து" என்ற வரிக்குக் கீழே, தம்பியைக் கேட்காமல், டாமர் இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: "இடவலம் சரிபார்க்கப்பட்டது." மாத்யூ முதல் பிரதியைத் திறந்து அதைப் படித்துவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது.

கையேட்டின் அடுத்த பதிப்புக்கு அந்த இடம் காலியாக இருந்தது. டாமர் மறுபடி வின்லாவுக்குப் போனாள், இந்தமுறை தாளோடு. கிணற்றையும் மேலி துணி விரித்த புல்வெளியையும் வரைந்து, முறையாகக் குப்புறப் போட்டுத் தேய்த்து வெட்டினாள். நல்ல படம். ஆனால் தண்ணீர் அந்த அளவுக்கு வரவில்லை, அது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் வேலை செய்தாள். கண் மங்கும்வரை வெட்டினாள். வழி கேட்டவர்களுக்குக் கடைசிவரை தப்பாகவே சொன்னாள்.

சத்திரத்துச் சுவரில் ஒட்டியிருந்த பழைய படத்தைக் கிழிக்கச் சத்திரக்காரிக்கு மனசு வரவில்லை. அதற்கு எதிர்ச்சுவரில், அன்று மாடிக்குக் கொண்டுபோன அதே முகக்கண்ணாடியை ஆணியடித்து மாட்டிவிட்டாள். குடிக்க வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை, கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். கிட் தன் பெஞ்சை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இப்போ கால் சரி" என்பார், வருகிறவர்களிடமெல்லாம். "மூக்குதான் இன்னும் பெருசா இருக்கு."